பேருக்கு வராத தம்பி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்) காலை பத்து மணிக்குப் பிள்ளைகளைப் பார்த்துப் போகக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அம்மாமார் இறங்கி வருவார்கள். ஆயம்மா வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடும். என் தம்பி விஜயராஜ் மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அப்போது அவனுக்கு இரண்டரை வயது.

காது கேட்கவில்லையோ என்று ஆயம்மா சந்தேகப்பட்டார். ஆனால் பிஸ்கட் பக்கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் அடுத்த அறையிலிருந்தே வந்துவிடுவான். செவிடு இல்லை, திமிர் என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) முடிவு செய்தார்கள்.

மடுல்சீமைக்கும் மேலே, பஸ் வந்தால் வந்தது என்றிருக்கும் ஒரு தோட்டம் எங்களுடையது. டாக்டரைவிட கோயில் கிட்ட இருந்தது. பெயர் ராசியில்லை என்றார் பூசாரி. கற்பூரம் காட்டி, காதில் மூன்று தரம் சொல்லி, முருகேசு என்று மாற்றினோம். அதற்கும் திரும்பவில்லை. மறு வருஷம் கதிர்வேல் ஆனான். லயத்தில் ஆளுக்கொரு பெயரில் கூப்பிட்டார்கள். அவன் பாரபட்சம் பார்க்கவில்லை, மூன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நான் மட்டும் பழகின வாய்க்கு விஜி என்றே கூப்பிட்டு வந்தேன்.

ஐந்து வயதில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்ததால் துணைக்கு நான் போனேன். எனக்கு ஒன்பது வயது. பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, நீளமான தாழ்வாரத்தில் வாங்கின் (பெஞ்சின்) நுனியில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. விஜி மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, பொறுமையானவர். அவருக்குத் தமிழ் வராது. பக்கத்திலிருந்த நர்ஸுக்கு அரைகுறையாக வரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவானா என்று டாக்டர் கேட்டதை நர்ஸ் தமிழாக்கினார்.

"இவர் பேருக்கு வாறதா?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பெரட்டில் (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறோமா என்று விசாரிக்கிறார்கள் என நினைத்து அம்மா நடுங்கிப்போனார்.

"ஐயோ இல்லைங்க நோனா. இவன் பேருக்கு வர்றதே இல்லைங்க. நான் மட்டுந்தான் போறேன்."

இல்லை என்பதை மட்டும் நர்ஸ் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். கேள்வி ஒன்று, அம்மாவுக்குக் கேட்டது வேறொன்று, ஆனால் பதில் சரி. இதைச் சொல்லி இன்றைக்கும் நாங்கள் சிரிப்பதுண்டு.

இன்னும் இரண்டு முறை வரச்சொல்லி, காதையும் சோதித்த பிறகு, ஆட்டிசம் என்றார்கள் (மூளை வேறு விதமாக வளர்வதால் பேச்சும் பழகும் விதமும் வேறாக இருக்கும் நிலை). அம்மாவின் பிழையால் வந்ததல்ல, குளிசையால் (மாத்திரையால்) மாற்றக்கூடியதும் அல்ல, பழக்கப் பழக்க முன்னேறுவான் என்று நர்ஸ் விளக்கினார். அம்மாவின் காதில் குளிசை இல்லை என்பது மட்டும்தான் விழுந்தது. வரும் வழியெல்லாம் அழுதார்.

திருவிழாக்களும் எனக்கு விஜியோடுதான் போயின. தப்பு மேளம் அடித்தால் விஜி காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். தோட்டமே சாமி ஊர்வலத்தின் பின்னால் போகும்போது, நான் அவனைக் கூட்டிக்கொண்டு மேல்மலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடுவேன். புதுச்சட்டையைக் காட்ட ஆளில்லாமல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒருமுறை கிள்ளியும் இருக்கிறேன். ஆனால் சிறுவயது என்று நினைத்தால் எனக்குள் முதலில் வருவது அந்தத் தொட்டிக்கரைதான். கீழே மூட்டம் நகரும். விஜி தேயிலை இலைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைப்பான். ஒரு நாள் முழுக்க எங்கள் இருவருக்கும் மட்டுமாக இருந்தது. அந்த மத்தியானங்கள் இனி வரமாட்டா என்பது எனக்கு வருத்தம்தான்.

ஏழு வயதில் அவன் வாய் திறந்தான். பெரட்டுக்களம் எங்கள் லயத்துக்கு முன்னால் இருந்தது. இலைகளை அடுக்கிக்கொண்டே ஒருநாள், "காளியம்மா, பாக்கியம், செல்லம்மா, ராமாயி, மருதாயி" என்று பெரட்டில் பெயர் கூப்பிடும் கங்காணியின் கட்டைக் குரலில் ஆரம்பித்தான். பாக்கியத்துக்கும் செல்லம்மாவுக்கும் நடுவில் கங்காணி இருமும் இருமலையும் இருமினான். இதை எதிரொலிப் பேச்சு என்பார்கள் (கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுதல்). செல்லம்மா எங்கள் அம்மா. பிள்ளை தன்னைக் கூப்பிட்டுவிட்டதாக லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அது வெறும் வரிசை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பொறாமையாக இருந்தது. என்னை யாரென்று அவனுக்குத் தெரியுமா? அந்த ஒரு கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

எனக்குப் பன்னிரண்டு வயதில், பள்ளி விடுமுறையில், கங்காணி மாமாவிடம் போய், பெரட்டில் என் பெயரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன்.

"பேரு விழுந்தா கூடையத் தூக்கணுமே பாப்பா, தூக்குவியா?" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமையிலிருந்து மருதாயிக்குப் பிறகு சாந்தி என்று கூப்பிட்டார். பெண்கள் கேலி செய்தார்கள். ஐந்து நாள் போனது. சனிக்கிழமை விஜியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆரம்பித்தான். இருமல் வந்தது, அம்மா வந்தார், மருதாயி வந்தார். அங்கே நின்றான். மறுபடி முதலிலிருந்து சொன்னான், மறுபடி அங்கேயே நின்றான். பிறகு காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை மோதத் தொடங்கினான். மாறாமல் இருந்த ஒன்றை நான் கலைத்துவிட்டேன். அம்மா அவனை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் வெளியே மழையில் நின்றேன்.

கங்காணி என் பெயரை நிறுத்திவிட்டார். வரிசை அவனுக்குத் திரும்பி வர இரண்டு வாரம் பிடித்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அவனுக்குள் எனக்கு இடமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இதே நிலையில் இருக்கும் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னேற்றம் வந்தது, ஆனால் நாங்கள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. பட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கப் பழகினான். பதினைந்து வயதில் சட்டைப் பொத்தான் போட்டான். பேச்சுச் சிகிச்சையாளரிடம் (பேசவும் வேறு வழிகளில் தெரிவிக்கவும் பழக்குபவர்) அவனுக்கு என்னைத் தெரியுமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பேரால தெரியாம இருக்கலாம் தங்கச்சி. வேற எதால தெரியுதுன்னு பாருங்க" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது விஜிக்கு இருபத்தாறு வயது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பள்ளி விட்டதும் வாசலில் வந்து நிற்பான். இருவரும் லயத்துக்கு ஏறுவோம். அவன் முன்னால் வேகமாகப் போவான், திரும்பிப் பார்க்கவே மாட்டான். நாலு மணிக்குச் சாயத்தண்ணியும் (பால் விடாத தேநீரும்) உள்ளங்கையில் சீனியும் வேண்டும். ஐந்து நிமிஷம் பிந்தினால் அவன் கத்துவது லயம் முழுக்கக் கேட்கும்.

போன வருஷம் ஈரப்படியில் சறுக்கி என் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், ஊன்றுகோலோடு ஏறத் தொடங்கினேன். விஜி வழக்கம்போல முன்னால் போய்விட்டான். பாதையின் முதல் முடக்கில் (வளைவில்) பார்த்தால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கோல் சத்தம் கிட்ட வந்ததும் நடந்தான். அடுத்த முடக்கிலும் நின்றான்.

"நீ போ விஜி, தேத்தண்ணி நேரமாச்சு" என்றேன்.

போகவில்லை. நாலு மணி தாண்டியது. இப்போது கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். விரல்கள் காதருகே துடித்தன. அவனால் தாங்க முடியவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் நின்றான். ஒவ்வொரு முடக்கிலும் நின்றான். வீடு போய்ச் சேர நாலரையாகிவிட்டது. அம்மா பயந்துபோய் வாசலில் நின்றார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துக் கால் வலி என்று நினைத்தார்.

நான் கோலோடு நடந்த ஆறேழு வாரத்தில் நாலு மணித் தேத்தண்ணி நாலரைக்கு மாறிவிட்டது. அவனும் பழகிக்கொண்டான். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி வேகமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. கோலையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பள்ளி விட்டு ஏறும்போது நான் இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறேன்.