இரண்டு வாளிக் கஞ்சி

வெந்த அரிசிக் கஞ்சியின் வாசனை மூக்கில் பட்டால் இன்றும் என் கண் முதலில் பாத்திரத்தின் விளிம்பைத்தான் தேடும். ஆரணியில் எங்கள் நெசவாளர் தெருவில் கஞ்சிக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று குடிப்பதற்கு, இன்னொன்று தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டுப் பாவில், அதாவது தறியில் ஏற்றும் நீள நூல்களில், இழை விறைப்பாக நிற்கத் தடவுவதற்கு. அந்தப் "பாவுக்கஞ்சி"யில் பூசணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தம் என்ற நீல உப்பைக் கலப்பார்கள். அது விஷம். ஆனாலும் இரண்டையும் வெறுமனே "கஞ்சி" என்றுதான் சொல்வோம். எந்தக் கஞ்சி என்று எங்களுக்குள் யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பட்டு நூல் விலை எகிறி, ஒவ்வொரு வீடாகத் தறிச்சத்தம் அடங்கி, பட்டப்பகலிலேயே தெரு மூச்சுவிடாமல் கிடந்த ஒரு கோடையில், பஜனை மடத்து வாசலில் தெருக்காரர்கள் கூடிப் பசித்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அம்மா காய்ச்சினாள், பன்னிரண்டு வயதுப் பெண்ணான நான் ஊற்றினேன். "உனுக்குத்தான்டி அத்தனை புண்ணியமும்" என்று வருகிறவர்களெல்லாம் சொல்லச் சொல்ல எனக்குத் தலைகால் புரியவில்லை.

வரிசையின் கடைசியில் எப்போதும் முனியம்மா நிற்பாள். வெம்பாக்கம் பக்கம் மழை பொய்த்ததால் கூலி வேலை தேடி வந்தவள், நெசவு அறியாதவள். இடுப்பில் நான்கு வயது மகன்.

ஒருநாள் தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குப் பாவு வந்திருந்தது. மறுநாள் விடியலில் தடவுவதற்கான கஞ்சி வாளியை, குடிக்கிற கஞ்சி இருந்த எங்கள் வாளிக்குப் பக்கத்திலேயே மடத்துச் சுவரோரம் ஆறவைத்திருந்தார்கள். தள்ளி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்குத்தான் தெரியுமே. அண்டாவில் கஞ்சி தீர்ந்ததும், "ஏய், அந்தக் கஞ்சியத் தூக்கினு வாடி, ஜல்தி!" என்றாள் அம்மா. கைக்கு அகப்பட்ட வாளியைப் பார்க்காமலே தூக்கிவந்து, மிச்சம் நின்ற ஒரே ஆளான முனியம்மாவின் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றினேன். எங்கள் தெருக்காரர்கள் என்றால் நிறத்தைப் பார்த்ததுமே வீசியிருப்பார்கள். அவளோ மகனுக்கு முதலில் புகட்டினாள்.

"இன்னா பாப்பா, கஞ்சி கசக்குதுன்றான்?" என்றாள்.

வாளிக்குள் பார்த்தேன். விளிம்பில் நீலம் படிந்திருந்தது. அம்மாதான் பாய்ந்து பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். பையன் நீலமாக வாந்தியெடுத்தான். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கரண்டியைப் பிடித்தபடியே மடத்து வாசலில் நின்றேன். பிழைத்துக்கொண்டான் என்று சாயங்காலம் சொன்னார்கள்.

இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன், வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் மகனோடு, அதே பாத்திரத்தோடு வந்தாள். வேறு எங்கே போவாள்? நான் ஊற்றியதும் பாத்திரத்தை என்னிடமே நீட்டினாள்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடி பாப்பா."

குடித்தேன். அது என் தொண்டையில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பையனுக்குக் கொடுத்தாள். கோடை முடிந்து ஊர் திரும்பும்வரை தினமும் இப்படித்தான். ஒருநாளும் திட்டவில்லை, ஒருநாளும் சிரிக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவில் யாரும் பாவு நீட்டிக் கஞ்சி தடவுவதில்லை. பவர்லூம் இரைச்சலில் பேசுவதே கேட்பதில்லை. கஞ்சித்தொட்டி இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. அன்னதானம் என்றால் மட்டும் பரிமாற என்னை இன்றும் கூப்பிடுகிறார்கள். முதல் கரண்டியை நான் குடித்துவிட்டுத்தான் அடுத்தவர்களுக்கு ஊற்றுவேன்.

"இன்னாக்கா, அவ்ளோ பசியா உனுக்கு?" என்று கூட இருக்கும் பெண்கள் கேலி செய்வார்கள்.

நானும் சிரித்துவிட்டு, அடுத்த கரண்டியை மொள்ளுவேன். வரிசையில் நிற்கும் குழந்தைகள் என் தொண்டையைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.