மேகசினுக்குள் போகாத குண்டு

அந்தக் குண்டுகளை ரோஸ்மேரிதான் கேட்டு வாங்கினாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வேறு யாராவது வாங்கித் தலையில் கட்டியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பாள்.

பழவேற்காட்டை அடுத்த குப்பத்துப் பெண் அவள். பொன்னேரியில் கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. முகாமில் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டாள். படிப்பு முடிந்ததும் பொன்னேரியைத் தாண்டி இருக்கும் ரைபிள் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். இலக்கு அட்டை ஒட்டுவதிலும் துப்பாக்கி துடைப்பதிலும் ஆரம்பித்த வேலை, இப்போது தோட்டா அறை வரைக்கும் வந்திருந்தது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் திரும்ப வெடிமருந்து நிரப்பி, நுனியில் புதுக் குண்டு பொருத்தித் தோட்டாவாக்க அந்தக் கிளப்புக்கு உரிமம் உண்டு. மருந்தைச் செயலாளர் விஜயராகவன் மட்டுமே அளப்பார். எந்தக் குண்டு வாங்குவது என்பதை ரோஸ்மேரியின் யோசனைக்கு விட்டிருந்தார்.

கிளப் துப்பாக்கியை வைத்துக்கொண்டே அவள் போட்டிகளிலும் சுட்டாள். போன வருடம் மாவட்ட அணித் தேர்வில் கடற்காற்று அவளைக் கவிழ்த்துவிட்டது. மதியத்துக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து வீசிய காற்று, கடைசிக் குண்டுகளை எல்லாம் வலப்பக்கம் தள்ளியது. அன்றிலிருந்து காற்றுக்கு அசையாத குண்டு எது என்பதே அவளுக்கு யோசனை. மூக்கு நீண்டு, ஊசிபோல் ஒடுங்கிய ஒரு வெளிநாட்டுக் குண்டைப் பற்றி எங்கெங்கோ படித்தாள். விஜயராகவனைப் போகும்போதும் வரும்போதும் நச்சரித்தாள்.

அந்தக் கிளப்பில் நெடுங்கால உறுப்பினர் கங்காதரன். பொன்னேரியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். மூக்கு குட்டையான ஒரே வகைக் குண்டைத்தான் எப்போதும் சுடுவார். அவரிடம் ரோஸ்மேரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, உங்க மொட்டை மூக்கு குண்டெல்லாம் பழசாப்போச்சு. என்னுது வரட்டும், பாருங்க."

"வரட்டும், வரட்டும்" என்றார் கங்காதரன்.

அனுமதி, சுங்கம் என்று அலைந்து குண்டுகள் வந்து சேர வருடத்தின் பெரும்பகுதி போய்விட்டது. அடுத்த தேர்வு நெருங்கியிருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே, மருந்தில்லாத கூட்டில் ஒரு குண்டைப் பொருத்தி துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி மாட்டும் சிறு பெட்டியான மேகசினுக்குள் தள்ளிப் பார்த்தாள். பின்பக்கம் இறங்கியது. நுனி மட்டும் மேகசினின் முன்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. திருப்பி எடுத்து மறுபடி தள்ளினாள். மறுபடியும் முட்டியது.

காற்று, எடை, வேகம் எல்லாம் படித்தவள், தோட்டாவின் மொத்த நீளம் மேகசினுக்குள் அடங்குமா என்று மட்டும் பார்க்கவில்லை.

வீட்டில் அவள் கணவன் ஜெரோம் இறால் வலையைப் பிரித்துப் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ரோசி, மூஞ்சே சரியில்ல?"

சொன்னாள். அவன் வலையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டான்.

"மூக்குதான நீளம்? அரத்த வெச்சி நுனிய ராவி உடு."

"ராவுனா எடை மாறிடும். நுனி துளி கோணினாலும் எங்க போவும்னே தெரியாது."

"அப்ப உள்ள அழுத்து."

"அதத்தான்யா நாளைக்குப் பண்ணப் போறேன். சும்மா இரு."

மறுநாள் அப்படியே செய்தாள். குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்கி, அதற்கேற்ப விஜயராகவன் மருந்தைக் குறைத்துக் கொடுத்தபின் சுட்டாள். மேகசினில் தோட்டா அழகாகப் போனது. அட்டையில்தான் குண்டுகள் திசைக்கொன்றாகச் சிதறின. காரணம் அவளுக்குப் புரிந்தது. ஆழமாக இறக்கியதில் குண்டின் வளைவான பகுதி கூட்டின் வாய்க்கு வந்துவிட்டது; பித்தளை பிடிப்பதற்கு நேரான உடம்பு இல்லை. சுடும்போதும், குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழற்றிவிட வெட்டியிருக்கும் வரிகளைத் தொட அது வெகுதூரம் தாவவேண்டியிருந்தது.

எரிச்சலில், முன்பு போலவே நீளமாகச் சில தோட்டாக்கள் செய்து, மேகசின் இல்லாமல் ஒவ்வொன்றாகக் கையால் குழலில் போட்டுச் சுட்டாள். அத்தனையும் ஒரே இடத்தில் குத்தி நின்றன. அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அட்டையை எடுத்துக்கொண்டு விஜயராகவனிடம் போனாள்.

"சார், தேர்வுல ஒவ்வொண்ணா போட்டுக்கறேன்னு கேட்டா உடுவாங்களா?"

"மேகசின்ல அஞ்சு போட்டுத்தான் சுடணும். அதுக்குப் பேரே மேகசின் போட்டி. தெரிஞ்சிதானம்மா கேக்கறே?"

"தெரியும் சார்."

"நீதானம்மா இந்தக் குண்டே வேணும்னு நின்னே."

வேறு யாரையும் சொல்ல வழியில்லாமல், தன் மேலேயே குற்றம் சொல்லிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

மிச்சமிருந்தது கங்காதரனின் குட்டை மூக்குக் குண்டு. மேகசின் நீளத்துக்குள் பொருத்தினாலும் அதன் நேரான உடம்பைக் கூடு நன்றாகப் பிடிக்கும். ஆனால் தன் குண்டு தோற்றது என்று அவரிடம் ஒப்புக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. பொதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க குண்டுல கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"எனக்கே பத்தாதும்மா. ஏன், புதுசு வந்திச்சே?"

"வந்திச்சி. சும்மா கேட்டேன்."

தோட்டா அறை அலமாரியின் அடியில், யாரும் தொடாத பழைய உள்ளூர்க் குண்டுகள் கிடந்தன. வேறு வழியில்லாமல் அவற்றைத் தராசில் எடைபோட்டு, எடை ஒத்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்தாள். அவை மேகசினுக்குள் போயின. அட்டையிலும் சுமாராக விழுந்தன.

தேர்வு நாளில் ஒரு தோட்டா கூட மேகசினில் சிக்கவில்லை. காற்றும் ஆரம்பத்தில் அடங்கியே இருந்தது. இரண்டாவது மேகசினை மாட்டும்போது காற்றைக் காட்டும் கொடி படபடத்தது. அவள் காற்றுக்கேற்பக் குறியைத் திருத்திப் பிடித்தாள். அப்படியும் இரண்டு குண்டுகள் வட்டத்தை விட்டு விலகின. பட்டியலில் அணிக்கு அடுத்த இடத்தில், காத்திருப்போர் வரிசையில் அவள் பெயர் இருந்தது. அணியில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் கூப்பிடுவார்களாம்.

அடுத்த வாரம் கங்காதரன் தன்னுடைய போட்டியில் சுட்டார். அதில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் போடவேண்டும். அவரையும் காற்று விடவில்லை. சுட்ட கூடுகளைத் திருப்பிக் கொடுக்கத் தோட்டா அறைக்கு வந்தவர், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மூலையில் அடுக்கியிருந்த புதுப் பெட்டிகள் கண்ணில் பட்டன.

"இதெல்லாம் இன்னும் அப்படியே கீதே?"

மறைக்க இனி என்ன இருக்கிறது என்று ரோஸ்மேரி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டனே அண்ணே. பத்தாதுன்னீங்க."

"சும்மா குடுன்னு கேட்ட. மாத்திக்கலாம்னு கேட்டியா? எனக்கு மேகசினே வேணாம், கையாலதான் போடறேன். இந்தக் குண்டு எனக்குத்தான் ஆவும். என்னுது உனக்கு ஆவும்."

அவள் ஒரு பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு போட்டியும் முடிந்த பிறகு இருவருக்கும் அது தெரிந்தது.

விஜயராகவன் சம்மதித்து, பெட்டிகள் கை மாறின. ஞாயிற்றுக்கிழமை, கங்காதரனின் குட்டை மூக்குக் குண்டுகளை மேகசினில் நிரப்பி ரோஸ்மேரி சுட்டாள். ஐந்தும் வட்டத்தின் நடுவில், ஒரு மூடியால் மூடிவிடலாம் போல விழுந்தன. பக்கத்துத் தடத்தில் கங்காதரன் அவளுடைய நீள மூக்குக் குண்டைச் சுட்டுவிட்டு, தொலைநோக்கியில் பார்த்து மெச்சித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மாலையில் அழைத்துப் போக வந்த ஜெரோம், முகம் கடுத்து நின்றவளிடம் அட்டையை வாங்கிப் பார்த்தான்.

"நல்லாத்தான சுட்டிருக்கே. அப்புறம் இன்னாத்துக்குக் கோவம்?"

"இதுக்குத்தான் கோவம்" என்றாள் ரோஸ்மேரி. அட்டையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.