அப்பாவின் பெயருக்கு அம்மா சொன்ன பதில்

அந்த வருடம் முழுக்க, காலையில் பெயர் கூப்பிடும் நேரத்தில் என் அம்மா அப்பாவாக இருந்தார்.

கண்டியை ஒட்டிய ஹந்தானை மலைக்காட்டில் தீ பரவாதபடி புல்லைச் செதுக்கிப் பாதை வெட்டும் குழுவில் அப்பாவுக்கு வேலை. கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள், கண்டி பஸ் நிலையத்தில் அடையாள அட்டை கேட்டவர்கள் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்தக் குழுவில் பெண்களைச் சேர்ப்பதில்லை. நாற்றுப் பைக்கு மண் நிரப்புவதுதான் பொம்பளை வேலையாம். குழுவை மேற்பார்க்கும் கங்காணிக்கு இரக்கமோ ஆள் பஞ்சமோ, அப்பாவின் கத்தியோடு போய் நின்ற அம்மாவைச் சேர்த்துக்கொண்டார். வருகைப் புத்தகத்தில் பெயரை மட்டும் மாற்றவில்லை. அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார், அம்மா “இருக்கேங்க” என்பார். ஆண்கள் சிரித்தார்கள். மலையேற்றத்தில் அம்மா அவர்களை முந்தத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் கூடவே போவேன். ஏழு வயதில் என் கால் ஓரிடத்தில் நிற்காது. அம்மாவின் கண்ணும் நிற்காது. கீழே வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் வெட்டுவதை விட்டுவிட்டுப் பார்ப்பார்.

“ஒங்கப்பா வந்ததும் வேலைக்குப் போவணும்ல? அதுவரைக்கும் எடத்தப் புடிச்சு வைக்கணும்” என்பார். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதைப் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் புதிய அதிகாரி வந்தார். காற்சட்டையும் சப்பாத்தும் போட்ட பெண். அன்றைக்கென்று அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அதிகாரியே புத்தகத்தை வாங்கி அப்பாவின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் இல்லை. சும்மா இருந்தால் நான் நானா?

“இருக்காருங்க!” என்று கத்தினேன்.

கங்காணியின் முகம் செத்துப்போனது. விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. வேலை போய்விட்டதென்று நான் அழுதேன். அதிகாரியோ, அம்மா வெட்டிய பாதையில் கடைசிவரை நடந்துபோய்த் திரும்பி வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

“தங்கச்சி, வேலய நீ செய்ற, பேரு மட்டும் எதுக்கு ஆம்பள பேருன்னு மிஸ் கேக்குறாங்க. இனி ஒன் பேர்லயே வேலயாம்” என்றார் கங்காணி.

அம்மா கும்பிட்டார். “அவரு பேரும் இருக்கட்டும்னு சொல்லுங்கண்ணே. என் பேரக் கீழ எழுதிக்கட்டும்.”

ஓர் ஆளுக்கு ஒரு பெயர்தானாம். அதிகாரி அப்பாவின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, அம்மாவின் பெயரை எழுதினார். அந்தக் குழுவின் முதல் பெண் பெயர்! நான் கைதட்டிக்கொண்டு மலை முழுக்க ஓடினேன்.

மறுநாள் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கீழே வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சேலையைப் பிடித்து இழுத்த பிறகே “இருக்கேங்க” என்றார். இவ்வளவு நல்லது நடந்தும் இப்படியா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்பாவைத் தேடி ராணுவ முகாம் முகாமாக அம்மா ஏறி இறங்கியதும், “அப்படி ஒரு ஆளே இல்லை” என்று எல்லா இடத்திலும் கைவிரித்ததும் அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவை இருக்கிற ஒருவராக எண்ணித் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே இடம் அந்த மலைதான் என்பதும் தெரியாது.