ஏழு தப்படி

அந்தப் பெண்கள் ரக்பி அணியில் மதிலை விட வயதில் மூத்தவள் யாரும் இல்லை. அவளுக்கு முப்பத்தொன்பது. அவளை விட அதிக ஆட்டம் ஆடியவளும் இல்லை, பதினான்கு வருடம். அவளை விடக் குறைவாகப் புள்ளி எடுத்தவளும் இல்லை. ஒரு தடவைகூட எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தியதில்லை. அவள் கணக்கில் இருந்தது பூஜ்யம் மட்டும்தான்.

வாரநாட்களில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நீர் சொட்டும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து வாரி எடுத்து உலர்த்தும் இயந்திரத்தில் போட வேண்டும். ஈரத்துணியின் கனம் தூக்கியவளுக்குத்தான் தெரியும். அந்த வேலை கொடுத்த தோள்களைப் பார்த்துத்தான், சேர்ந்த அன்றைக்கே பயிற்சியாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் முன்வரிசையில் நிறுத்தினார். ‘மதில்’ என்ற பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

முன்வரிசைக்காரிக்கு முக்கிய வேலை ஸ்க்ரம். எட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டிக் குனிந்து, எதிரே அதேபோல் குனிந்து நிற்கும் எட்டுப் பேரோடு முட்டித் தள்ள வேண்டும். முன்னால் எதிரியின் பாரம், பின்னால் சொந்த அணியின் பாரம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். காலடியில் உருளும் பந்து பின்னால் போகும். அதை எடுத்துக்கொண்டு ஓடிப் பெயர் வாங்குகிறவள் வேறொருத்தி.

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர், கால்பந்துப் பைத்தியம். சனிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்பது ஒரே கேள்விதான்.

“இன்னைக்கு எத்தனை?”

“நாங்க பதினேழு, அவங்க பன்னெண்டு.”

“அணிக்கா கேட்டேன்? உனக்கு எத்தனை?”

அவளும் விடமாட்டாள். “ரக்பி ஆரம்பிச்ச காலத்துல பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சாலும் புள்ளியே கெடையாது, தெரியுமா? கம்பத்துக்கு மேல உதைச்சுப் பாக்க ஒரு வாய்ப்புக் குடுப்பாங்க. உதை உள்ள போனாதான் கணக்கு.”

“அப்ப நீ தப்பான நூற்றாண்டுல பொறந்துட்ட. அந்தக் காலத்துல உன்னை மாதிரி நெறைய பேர் இருந்திருப்பாங்க.”

இந்தச் சரித்திரமெல்லாம் அணியின் அறைச் சுவரில் மாட்டியிருந்த படங்களுக்குக் கீழே எழுதியிருந்தது. முதல் படத்தில் ஒரு பள்ளி மாணவன். கால்பந்து ஆட்டத்தின் நடுவே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினானாம், அங்கேதான் ரக்பி பிறந்ததாம். அது வெறும் கட்டுக்கதை என்பவர்களும் உண்டு. மதிலின் சந்தேகம் வேறு. அவன் ஓடியபோது, துரத்தி வந்தவர்களை எவனாவது ஒருவன் குறுக்கே நின்று தாங்கியிருப்பானே, அவன் படம் எங்கே?

பிறகு எதற்காக ஆடுகிறாள்? அவளே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். எட்டுப் பேரின் மூச்சு ஒன்றாகி, அசையாது என்று நினைத்த எதிரணி அரையடி பின்னால் நகரும். அந்த அரையடிக்காக என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அவளுக்கே அது போதவில்லை. முழங்கால் வேறு மாடிப்படி ஏற மறுத்தது. இந்தப் பருவத்தோடு சரி, அதற்குள் ஒரே ஒரு தடவையாவது கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். கடைசி ஆட்டத்தில் கோட்டருகே போனால் பந்தை மதில் அக்காவிடம் கொடுப்பது என்று கேப்டன் பெண்ணும் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

மைதானத்தில் கால்பந்தும் உண்டு. கால்பந்துக்கு வெள்ளைக் கோடு, ரக்பிக்கு நீலம். நீலக்கோடு போடுவது ஒன்பது வருடமாக மதிலின் பொறுப்பு. “நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க” என்று எப்போதோ யாரோ சொன்னதன் பலன். கடைசி ஆட்டத்தன்று காலை ஒரு முனை பாக்கியிருக்கும்போது நீலச்சாயம் தீர்ந்துவிட்டது. கேப்டனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“வெள்ளை இருக்குல்ல அக்கா? அதுலயே போட்டுடுங்க. நமக்குத் தெரியாதா என்ன?”

போட்டாள். அவள் போட்ட கோட்டுக்கு ஏழு தப்படி முன்னால் கால்பந்துக்காரர்களின் வெள்ளைக்கோடு ஒன்று ஏற்கெனவே கிடந்தது.

ஆட்டத்தின் கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். கோட்டைத் தாண்டி வைத்தால் ஐந்து. பந்து அவள் கைக்கு வந்தது. ஒருத்தி இடுப்பில் தொங்கினாள், அவளை உதறினாள். இன்னொருத்தியைத் தோளால் தள்ளிவிட்டு ஓடினாள். தலை நிமிரவில்லை, பதினான்கு வருடம் குனிந்தே பழகிய தலை. புல், புல், பிறகு வெள்ளைக்கோடு. விழுந்து பந்தை அழுத்தினாள். கையை எடுத்தாள். எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

விசில் கேட்கவில்லை. அவள் போட்ட கோடு இன்னும் முன்னால் கிடந்தது. நடுவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் துரத்தி வந்த எதிரணி முன்வரிசைக்காரி, ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, கிடந்த பந்தை எடுத்து மைதானத்துக்கு வெளியே உதைத்தாள். அப்போதுதான் விசில் கேட்டது. ஆட்டம் முடிந்துவிட்டது.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். சமையல்காரி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பதினோரு வருஷமா உன் தோளைத்தான் பாத்துட்டு இருந்தேன். முகத்தை இன்னைக்குத்தான் சரியாப் பாத்தேன். பந்தை எடுக்கவே மனசு வரல.”

“ஆனா உதைச்சியே.”

“உதைக்காம விட்டிருந்தா என் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்ட. அது சரி, எவ போட்ட கோடு அது? அவ கையை ஒடிக்கணும்.”

“நான்தான்.”

சமையல்காரிக்குப் புரையேறிவிட்டது. மேசை முழுக்கச் சிரிப்பு. கேப்டன்கூடச் சிரித்துக்கொண்டே, “விடுங்க அக்கா” என்றாள். மதிலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒருத்தியாவது திட்டியிருக்கலாம். திட்டினால், அவள் ஜெயிக்க வைப்பாள் என்று யாரோ நம்பியிருந்தார்கள் என்றாவது ஆகும்.

வீட்டில் கணவன் வழக்கம்போல் கேட்டான். அவள் காலணிச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

ஞாயிறு காலை இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். அவள் விழுந்த இடத்தில் புல் இன்னும் படுத்திருந்தது. அங்கிருந்து அவள் போட்ட கோடுவரை அவன் கால் வைத்து அளந்தான்.

“ஏழு” என்றான். பிறகு, “அந்தக் காலத்துல இது செல்லுமா?” என்று கேட்டான். குரலில் கிண்டல் இல்லை.

“எந்தக் காலத்துலயும் செல்லாது.”

“அடுத்த வருஷம்…”

“முழங்காலைக் கேளுங்க.”

அவள் தான் போட்ட கோட்டைக் காலணியால் தேய்த்துப் பார்த்தாள். சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒன்பது வருடத்தில் இவ்வளவு நேராக அவள் ஒரு கோடும் போட்டதில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். புல்தான் பெயர்ந்து வந்தது.