வெள்ளை மாத்திரைப் புட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டே கால் மணிக்கு என் மகளுக்கு இரண்டாவது மாத்திரையைக் கொடுத்தேன். ஆறு வயது, நான் நாற்பதை நெருங்கும்போது பிறந்த ஒரே பிள்ளை. காலையிலிருந்து காய்ச்சல். மூன்று மணிக்குக் கஞ்சி கொடுக்க எழுப்பினேன். எழவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். இமை லேசாக அசைந்ததே தவிர, கண் திறக்கவில்லை.

அந்த மாத்திரை தெருப் பெட்டியிலிருந்து எடுத்தது. எழுபதுகளில் திருவள்ளூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் அப்படி ஒரு வழக்கம். உடம்பு தேறியவர்கள் மீந்த மாத்திரைகளை என் வீட்டுத் தகரப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். நான் பள்ளி ஆசிரியை, இங்கிலீஷ் தெரிந்தவள் என்று பெட்டி என் பொறுப்பில் இருந்தது. ஆனால் அதில் படிக்க என்ன இருந்தது? ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் எல்லாவற்றையும் செய்தித்தாள் துண்டில் மடித்துத்தான் கொடுப்பார். "இது ஜுரத்துக்கு, இது வவுத்து வலிக்கு" என்று கொண்டுவந்தவர்கள் சொல்வதைப் பொட்டலத்தின் மேல் பென்சிலால் எழுதி வைப்பேன்.

முந்தைய வாரம் பெட்டியைச் சுத்தம் செய்தேன். பொட்டலங்கள் கிழிந்து எறும்பு ஏறியிருந்தது. வெள்ளையாக, ஒரே அளவில் இருந்தவற்றையெல்லாம் ஒரு கண்ணாடிப் புட்டியில் கொட்டி, 'காய்ச்சல்' என்று சீட்டு ஒட்டினேன். மூலை மடங்காமல் எவ்வளவு அழகாக ஒட்டினேன்!

கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் புட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"காய்ச்சல் மாத்திரைக்கு இப்படித் தூங்காதும்மா" என்றார் டாக்டர். மாத்திரைகளைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தார். சிலவற்றின் நடுவில் கோடு இருந்தது, சிலவற்றில் இல்லை. "ரெண்டு வகை கலந்திருக்கு. கோடு இல்லாதது யார் கொடுத்தது?"

எனக்குத் தெரியவில்லை. கணவர் தெருவில் வீடு வீடாய்க் கேட்கப் போனார். நான் மகளின் மார்பில் கை வைத்து, ஒவ்வொரு மூச்சும் வரும்வரை என் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் மாத்திரை மீந்தால், வாங்கிய பொட்டலத்தோடு கம்பவுண்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். உதவுவதை அவர் எடுத்து வைப்பார். உதவாததை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடுவார். தெருக்காரர்களையும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டேன். பெயர் தெரியாத ஒரு மாத்திரையை யாராவது நீட்டினால் இன்றும் நான் வாங்குவதில்லை.

அன்று ஐந்து மணி சுமாருக்கு வார்டு வாசலில் மீன் வாடை வந்தது. எங்கள் தெருக் கோடி வீட்டுக்காரி. ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் மீன் விற்பவள். போன வருஷம்தான் புருஷனைப் பறிகொடுத்திருந்தாள். கணவர் ஆள் அனுப்பியதும் கூடையை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைக் கிளறிவிட்டு வந்திருந்தாள். ஈரக் கையில் ஒரு மருந்துச் சீட்டு.

"டாக்டரய்யா, கோடு இல்லாதது எங்கூட்டுக்காரருது. வலிப்புக்குத் தின்னுக்கினு இருந்தாரு. யாருக்காச்சும் ஆவட்டும்னு மாத்திரையக் குடுத்துட்டேன். சீட்டுல அவரு பேரு இருக்குது, அத்தத் தூக்கிப் போட மனசு வரல."

டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "குழந்தைக்கு எத்தனை கொடுத்தீங்க?"

"ரெண்டு" என்றேன்.

அவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது. "சின்ன டோஸ்தான். மூச்சு சீரா இருக்கு. நாளைக்குக் காலைவரை இங்கேயே வச்சுப் பார்த்துக்குவோம். உயிருக்குப் பயமில்லை."

எனக்கு அழுகை பொங்கியது. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அயாத டீச்சரம்மா. அந்த மனுசன் இத்த முழுங்கினாருன்னா இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டாரு. காலைல கண்ணத் தொறந்ததும், 'இன்னாடி, நாஷ்டா எங்க'ன்னு ஊட்டையே ரெண்டாக்குவாரு. உம் பொண்ணும் கத்தும் பாரு."