கரையான் தின்ற மூலை

பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. காஜா பெராங் வாசகசாலையில் இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். கேட்டவர்களில் இருவர் கடைசி வரை விழித்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் இடுகாட்டுப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வீடு திரும்பியது அங்கே நாய்கள் அதிகம் என்பதால்தான். இனிச் சொல்லப்போவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நானே பாதிதான் நம்புகிறேன், அந்தப் பாதிதான் தொந்தரவு.

நாடு சுதந்திரம் அடைந்த வருடம், 1957. படம் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பின்னால் ஒரு சீலை தொங்குமே, அதை வரைகிற வேலை எனக்கு, மலாக்கா டவுனில் ஒரு ஸ்டூடியோவில். முதலாளி ஒருநாள் சொன்னார்:

“யோவ் மணியம், எல்லாக் கடையிலயும் தாஜ்மகாலுதான் தொங்குது. வெள்ளைக்காரன் ஊரு எதாச்சும் போடுயா.”

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான், நாங்கள் அவன் ஊரை மாட்டத் தீர்மானித்தோம்.

மாதிரிப் படம் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் கிடைத்தது. லெட்சுமியக்கா, பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழியில் வந்த செட்டிக் குடும்பத்துப் பெண்மணி. அவர் கணவர் வேலுப்பிள்ளை கப்பல் சமையல்காரராகப் போனவர். போருக்கு முன்பு, ஜெர்மனியில் மோசெல் என்ற ஆற்றில் ஒயின் பீப்பாய் ஏற்றும் படகில் சமைக்கிறேன் என்று ஒரு தபால் அட்டை போட்டார், அவ்வளவுதான். பிறகு போர் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், போனான். அவரிடமிருந்து வேறு கடிதம் வரவே இல்லை.

அந்த அட்டையில் எல்லாம் இருந்தது. மலைமேல் இடிந்த கோட்டை, அதன் கீழே படிபடியாகத் திராட்சைத் தோட்டம், வட்டமான காவல் கோபுரம், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். வலது கீழ் மூலையை மட்டும் கரையான் தின்றிருந்தது.

“சீக்கிரம் திருப்பிக் குடுத்துடு தம்பி,” என்றார் அக்கா. அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ் வார்த்தைகள் கலந்த ஒரு மலாய். நான் தமிழில் எழுதுகிறேன். “இன்னும் இலை விஷயம் முடிவாகல.”

போகி அன்று செட்டிக் குடும்பங்கள் இறந்தவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு வைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். உயிரோடு இருப்பவருக்கு இலை போட்டால் நாமே கொன்றது போல. செத்தவருக்குப் போடாவிட்டால், மற்ற முன்னோர் சாப்பிடும்போது அவர் மட்டும் வாசலில் பசியோடு நிற்பார். “ஹிடுப்பா, மாத்தியா,” என்றார் அக்கா. உயிரா, சாவா. பதினெட்டு வருடமாக இந்தக் கேள்வியோடு கழுத்தில் தாலியும் இருந்தது.

சீலையை இரண்டு வாரத்தில் முடித்தேன். கரையான் தின்ற மூலைதான் பாக்கி. புதர் ஏதாவது போட்டு மூடிவிடலாம் என்று ஒரு மத்தியானம் தூரிகையை எடுத்தேன். சரியான வெயில், கண்ணயர்ந்திருக்கலாம், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதலாளி வந்து நின்றபோது அங்கே புதர் இல்லை. தாழ்ந்த கல் சுவர், அதில் ஓர் இரும்புக் கதவு, கதவுக்கு மேல் இரும்பிலேயே அடித்த திராட்சைக் கொடி. கதவு பாதி திறந்திருந்தது.

“புதருன்னு சொன்ன?”

“இதுவும் நல்லாத்தானே இருக்கு,” என்றேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி டர்பன்டைன் புட்டியைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: “இடது கை எப்படிப் பச்சையாச்சு?” தெரியாமல் துடைத்திருப்பேன் என்று சொல்லிக் கழுவினேன்.

லெட்சுமியக்கா அந்தச் சீலைக்கு முன் படம் எடுத்துக்கொள்ள வந்தார். நடுவில் நிற்கச் சொன்னால் தள்ளி நின்றார், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு. முதலாளி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்தார்.

சில வாரம் கழித்து ஒரு ஜெர்மன் பள்ளி ஆசிரியர் வந்தார். சிங்கப்பூரில் கப்பல் நின்றிருந்த நாட்களில் பஸ் ஏறி மலாக்கா வந்து, பழைய கோட்டை வாசலையும் குன்றின் மேல் சாய்த்து வைத்திருக்கும் டச்சுக் கல்லறைக் கற்களையும் படம் பிடித்தவர். ஃபிலிம் கழுவக் கொடுக்க வந்தவர் சீலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சீலையில் இருந்த ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரராம். கோட்டை, கோபுரம், தேவாலயம் என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்து மூலையில் நிறுத்தினார்.

“இங்கிருந்து யார் அங்கே போனது?”

என் ஆங்கிலத்துக்கு எட்டிய வரையில், யாரும் போகவில்லை, அட்டையைப் பார்த்து வரைந்தது என்றேன்.

“அட்டையில் இது இருக்க முடியாது. ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. தேவாலயத்துக்குப் பின்னால் போக வேண்டும். படகில் வந்து செத்த அநாதைகளைப் புதைக்கிற இடம்.” பாதி திறந்த கதவை விரலால் தட்டிக் காட்டி, “ஆனால் கதவு எப்போதும் பூட்டியிருக்கும்,” என்றார்.

வேலுப்பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பொங்கலுக்கு முன் ஆசிரியரின் கடிதம் வந்தது. தேவாலயப் பதிவில் இருக்கிறதாம்: மலாக்காவைச் சேர்ந்த படகுச் சமையல்காரர், காய்ச்சல். அட்டை வந்த அதே வருடக் குளிர்காலம்.

வாசித்துச் சொன்னேன். அக்கா அழவில்லை. நெடுநேரம் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “கதவைத் திறந்துதானே வரைஞ்ச தம்பி?”

“திறந்துதான் அக்கா.”

“அப்ப வந்துடுவாரு.”

போகிக்கு என்னையும் அழைத்திருந்தார். வரிசையாக இலைகள், ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் ஒரு டம்ளர். கடைசி இலை இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது. அதற்கு மட்டும் அக்கா டம்ளரை இடப்பக்கம் வைத்தார். நாத்தனார் அதை எடுத்து வலப்பக்கம் மாற்றினார்.

“வேணாம், அங்கயே வை,” என்றார் அக்கா. “உன் அண்ணனுக்கு எல்லாமே இடது கைதானே. மாமா எத்தனை அடி அடிச்சும் மாறலயே.”

முன்னோர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். மற்றவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கதவை வலது கையால் மறுபடி வரையப் பலமுறை முயன்றிருக்கிறேன், ஒரு தடவையும் சரியாக வரவில்லை. இடது கையால் என் பெயரைக்கூட எழுத வராது. காரணம் இருக்கும், தேடுகிறேன். ஆனாலும் போகி அன்று சாப்பிட உட்கார்ந்தால் இடது கையை மடியில் மடக்கி வைத்து அதன்மேல் துண்டைப் போட்டுக்கொள்கிறேன். ஏன் என்று என் மனைவி இதுவரை கேட்டதில்லை.