குசினிக் கூரைக்குக் கிராபீன்

வவுனியாவில் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் நான் வேலை செய்வது கிராபீனோடு. ஓர் அணு அளவே தடிப்பான கரித்தகடு அது. பென்சில் கூரில் இருக்கும் அதே கரியைச் செலோரேப் என்ற ஒட்டுநாடாவால் உரித்து உரித்து எடுப்போம். செம்பைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா, அக்கராயனில் வயல் செய்யும் தன் தம்பிக்குச் சொன்னார். மாமாவின் காதில் தங்கியது தகடு என்பதும் கடத்தும் என்பதும்தான்.

மறுவாரமே ஆய்வுகூட வாசலில் மாமா நின்றார். கையில் கயிற்றுச் சுருள். வெளியே இரவல் வாங்கிய சின்ன லொறி.

"பிள்ளை, எங்கட குசினிக்குத் தகரக் கூரை. மாமி உள்ளுக்கை நிண்டு சமைச்சு அவியிறா. ஒரு லொறி நிறையத் தகடு தந்தாக் காணும்."

அவரை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருத்தினேன். கண்ணை வைத்தவர் அசையவே இல்லை.

"ஓம், தெரியுது. கறுப்பா, வளைஞ்சு, நல்ல நீளம்."

"அது உங்கட கண்மயிர், மாமா."

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். ஊதா நிறத்துக்குள் மங்கலாகக் கிடந்த கிராபீன் திட்டைக் காட்டினேன்.

"இதுவோ? இதைக் கட்டவோ கயிறு கொண்டு வந்தனான்?" சற்று யோசித்தார். "சரி, சூட்டைக் கடத்துமெண்டு சொன்னனீ. கடத்தி எங்கை கொண்டுபோய் விடும்?"

"தகட்டோடையே பக்கவாட்டிலை ஓடும்."

மாமாவின் முகம் மலர்ந்தது. எல்லை வேலிப் பிரச்சினையில் பக்கத்து வீட்டுக்காரரோடு அவருக்குக் கதைபேச்சு இல்லை.

"அப்ப சூடு முழுக்க அவன்ரை வீட்டுக்குத்தான் போகும்!"

"இல்லை மாமா, அது..."

அவர் எழுந்துவிட்டார். பென்சிலும் செலோரேப்பும் எந்தக் கடையிலும் கிடைக்குமே என்றபடி லொறியில் ஏறிப் போனார்.

சில நாட்களில் மாமி தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, மாமா கூரையிலை ஏறியிருந்து பென்சில் தேய்க்கிறார். ஒருக்கால் வந்து இறக்கிவிடு."

சனிக்கிழமை போனேன். தகரத்தின் ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் செலோரேப். அதில் செட்டை ஒட்டுப்பட்டு மாமியின் பேட்டுக்கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நான் மாமாவை இறக்கினேன். மாமி கோழியைக் கழற்றினார். மாமாவோ கோழியோ, யார் கூடுதலாகக் கத்தியது என்று சொல்வது கடினம்.

குசினிக்குள் வெப்பமானியை உயர்த்திப் பிடித்தேன். தேய்த்த பக்கத்துக்கும் தேய்க்காத பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"உன்ரை வெப்பமானிக்கு வவுனியாச் சூடு பழகிப்போச்சு," என்றார் மாமா.

மாமி அடுப்புக் கற்களைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்துக்குக் கீழே வைத்தார். மாமா கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

மத்தியானம் மர நிழலில் இருந்து சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி மாமா பென்சில் கரி இன்னும் போகாத கையால் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டியபோதுதான் மாமி சிரித்தார்.